வேளைக்கு ஒரு வட்டல் சோறு



இது நீளமான பதிவு. அரைப் பாடவேளையாவது ஆகும். இப்போது வேலை இருந்தால் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் என் தங்கை மகள் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய்ப் பொரியலைக் கொண்டுவந்த பையன் அவள் இலையில் கரண்டியைச் சாய்க்கப் போனான். பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த நம் சொந்தக்காரர் ஒருவர் வேகமாக வந்து, "அந்தப் புள்ளைக்கு அது வெக்காதப்பா, வலிப்பு வர்ற ஒடம்பு" என்றார். மெதுவாகச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? எதிர்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டதோடு இலையை மூடிவிட்டு எழுந்தாள். காரில் வரும்போது கேட்டேன். "பசிக்கல பெரியம்மா" என்றாள்.

சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கறையில்தான் சொன்னார். இதைப் படிப்பார் என்றும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க பெரியம்மா. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு" என்றாள். எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். பெயர் போடவில்லை. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி அம்முணி என்றே வைத்துக்கொள்கிறேன். யாரென்று தெரிந்தவர்கள் தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே பெயர் எழுத வேண்டாம்.

அம்முணிக்கு இப்போது 24 வயது. படிப்பு முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் வேலை செய்கிற இடத்திலேயே விழுந்துவிட்டாள். கண் இறுக மூடியிருக்க, கையும் காலும் உதறி உதறி இழுத்தது. சற்று அடங்கும், மறுபடி இழுக்கும். கால் மணி நேரம் நீடித்தது என்று உடன் வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். ஒரு மருத்துவமனையில் வலிப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. வலிப்பு மட்டும் குறையவில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு முறை வந்தது. வேலையை விட்டாள், ஸ்கூட்டியை விட்டாள், தனியாகக் குளிக்கப் போவதைக்கூட விட்டாள்.

கடைசியில் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வீடியோ இ.இ.ஜி. எடுத்தார்கள். தலையில் கம்பிகளை ஒட்டி, கட்டிலுக்கு எதிரே கேமரா வைத்து இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. உடம்பு உதறுவதைக் கேமரா பதிவு செய்த அதே நேரத்தில் மூளையின் மின்னோட்டமும் பதிவானது. வலிப்பு நோயில் அந்தக் கோடுகள் தாறுமாறாகத் துள்ள வேண்டும். இவளுக்கு அப்படித் துள்ளவில்லை.

நரம்பியல் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "இது காக்கா வலிப்பு இல்லைங்க. ஃபங்ஷனல் சீஷர், செயல்சார் வலிப்புன்னு சொல்லுவோம். மூளையில கட்டி இல்ல, தழும்பு இல்ல, மின்கசிவும் இல்ல. ஆனா அது வேலை செய்யற விதத்துல ஒரு தடுமாற்றம். அவங்க வேணும்னு பண்ணல. அதை மொதல்ல மனசுல வெச்சுக்குங்க."

என் தங்கை வீட்டு மாப்பிள்ளை விவசாயி. அவருக்குப் புரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து அவர் பாஷையில் சொன்னேன். கிணற்று மோட்டார் நன்றாக இருக்கிறது, ஒயரும் கருகவில்லை. ஆனால் ஓல்டேஜ் ஏறி இறங்கினால் ஸ்டார்ட்டர் தானாகவே ட்ரிப் ஆகிவிடுகிறது அல்லவா? மோட்டாரைக் கழற்றி எத்தனை முறை காயில் கட்டினாலும் அது தீராது. இதுவும் அந்த மாதிரி. தாங்க முடியாத உள்நெருக்கடி ஏறும்போது மூளை தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. "அப்ப நடிக்கலை?" என்றார் மாப்பிள்ளை. இல்லை என்றேன். அவர் எழுந்து தொட்டிப் பக்கம் போய்விட்டார். அதற்கு முந்தின வாரம்தான் அவளை நடிக்கிறாய் என்று திட்டியிருந்தார்.

ஒரு காலத்தில் இதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர். கிரேக்க மொழியில் கருப்பை என்ற சொல்லிலிருந்து வந்தது. கருப்பையில் கோளாறு, அதனால் பெண்களின் வியாதி என்று ஐரோப்பாவிலேயே நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். நம் பக்கம் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். இரண்டும் தவறு. ஆண்களுக்கும் வரும். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. சிலருக்குப் பழைய காயம் ஒன்று இருக்கும், சிலருக்கு அப்படி எதுவும் இருக்காது. வலிப்பு நோயும் இதுவும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். அம்முணிக்கும் டாக்டர்தான் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வலிப்பு என்று தெரிந்த நாளிலிருந்து நம் சொந்தத்தில் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். கத்தரிக்காய் ஆகாது, மொச்சை வாயு, தயிர் குளிர்ச்சி, கறி சூடு, முட்டை கூடவே கூடாது, வாழைப்பழம் ராத்திரியில் ஆகாது. நான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லோர் சொன்னதையும் சேர்த்தால் அம்முணிக்கு மிஞ்சியது ரசம் சோறும் டீயும்தான். உண்மையாகவே அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எழுவது ஒன்பதரை, ஒரு டீ. பதினொன்றுக்கு ஒரு டீ. மதியம் இரண்டு மணிக்கு ரசம் சோறு நாலு வாய். அப்புறம் மறுபடி டீ.

அந்த வருஷம் ஐப்பசியில் என் தங்கை மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, மகளைச் சஷ்டி விரதம் இருக்கவைத்தாள். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். மூன்றாம் நாள் ஒரே மதியத்தில் இரண்டு முறை வலிப்பு. ஐந்தாம் நாள் விரதத்தைக் கலைத்தார்கள். "சாமிகூட என்னைக் கைவிட்டுருச்சு" என்று அவள் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். முருகனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அந்த மலை ஏறி வளர்ந்தவள்தான். நோயாளியைப் பட்டினி போடச் சொல்லி எந்தச் சாமியும் கேட்டதில்லை.

அடுத்தது கீட்டோ. படித்த பையன் ஒருவன் இணையத்தில் தேடி, "வலிப்புக்கு கீட்டோ டயட்தான் மருந்து, அரிசியே கூடாது" என்று அனுப்பினான். அவன் சொன்னது முழுப் பொய் இல்லை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற டாக்டர் இந்த உணவுமுறையை வலிப்பு நோய்க்குப் பரிந்துரைத்தார். கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை மிகவும் குறைப்பது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள், பலருக்கு உதவுகிறது. ஆனால் அது மூளையின் மின்கசிவால் வருகிற வலிப்புக்கு. அம்முணிக்கு இருப்பது அதுவே இல்லை. மூன்று வாரம் அரிசியை ஒதுக்கினாள். தலைவலி, எரிச்சல், யார் பேசினாலும் கண்ணீர். பெயர் ஒன்றாக இருந்ததால் வைத்தியமும் ஒன்றாகிவிடுமா? நெஞ்செரிச்சலுக்கும் மாரடைப்புக்கும் நெஞ்சுதான் வலிக்கிறது, மருந்து ஒன்றா?

அறிவியல் ஆசிரியையாக இருந்த நான் அப்போதுதான் விழித்தேன். பசி மனதை என்ன செய்யும் என்று தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45-இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை செய்தார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடை குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் மனமும் சுருங்கியது. சோர்வு, எரிச்சல், யாரோடும் பேசப் பிடிக்காமல் ஒதுங்குவது, பொழுதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பது. திடகாத்திரமான வாலிபர்களுக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே மனம் தளர்ந்த பெண்ணை ரசம் சோற்றில் வைத்திருந்த நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.6. பி12 குறைவு. "வலிப்புக்கு இதுதான் காரணம்னு நெனைச்சுக்காதீங்க" என்று தெளிவாகச் சொன்னார். "ஆனா இவ்வளவு ரத்தசோகையோட இருந்தா யாருக்குமே மனசு சோர்ந்துதான் போகும். இதைச் சரிபண்ணாம மனசைச் சரிபண்ண முடியாது." 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. என்னிடம் படித்த பெண்களே, உங்களில் எத்தனை பேர் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள்?

அதன் பிறகு அம்முணி மூன்று மாதம் என் வீட்டில் தங்கினாள். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் போனோம். அவர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தூங்கிய நேரம், எழுந்த நேரம், சாப்பிட்டது, மனம் எப்படி இருந்தது, வலிப்பு வந்த நேரம். நோட்டு என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்! கோடு போட்டு, கட்டம் கட்டி, சிவப்பு மையில் தலைப்பு எழுதினேன்.

மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. வலிப்பில் பெரும்பகுதி பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் வந்தது, அதுவும் காலையில் டீயோடு நிறுத்திய நாட்களில். காலையில் நன்றாகச் சாப்பிட்ட நாளிலும் வந்தது உண்டு, ஒன்றும் சாப்பிடாமல் வராமல் போனதும் உண்டு. ஒரு பெண்ணின் மூன்று வார நோட்டு எதையும் நிரூபிக்காது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன விளக்கம் எனக்குப் பொருந்தியது.

செயல்சார் வலிப்பு உள்ள பலருக்கு அது வருவதற்கு முன்னால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், மூச்சு முட்டும். பயம் என்று மனதில் தோன்றாது, ஆனால் பயத்தின் அறிகுறி எல்லாம் உடம்பில் இருக்கும். வெறும் வயிற்றோடு இருந்தாலும் கிட்டத்தட்ட இதே நடுக்கமும் படபடப்பும்தான். அதற்கு மேல் டீக்கு மேல் டீ குடித்தால் படபடப்பு இன்னும் கூடும். உடம்பு இதைப் பசி என்று எடுத்துக்கொள்ளாமல், ஆபத்து என்று எடுத்துக்கொண்டால்? ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. இவளுக்கு இப்படி இருக்கலாம், ஓல்டேஜைச் சீராக வைத்துப் பார்ப்போம் என்றார்.

ஆகவே காலை எட்டு மணிக்குள் சாப்பாடு என்று வைத்தோம். புதிதாக எதுவும் வாங்கவில்லை. ராகிக் களியும் கீரையும் ஒருநாள், சந்தகை ஒருநாள், இட்லி ஒருநாள், கூடவே ஒரு முட்டை. மதியம் அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், முருங்கைக்கீரை என்று மாறி மாறி. நாலு மணிக்கு வேர்க்கடலையோ எள்ளுருண்டையோ. கத்தரிக்காயும் உண்டு, தயிரும் உண்டு. டீ ஆறு டம்ளரிலிருந்து இரண்டாயிற்று. அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து இல்லை, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. நாலு மணிக்கு மேல் டீயே இல்லை, தூக்கம் கெடும் என்பதால். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் பி12 ஊசியும் தனி.

இதுவரை படித்துவிட்டு, டீச்சர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இந்த இடத்தில்தான் நான் தோற்றேன்.

நோட்டு என் கையில் இருந்தது. அவள் எத்தனை இட்லி தின்றாள், எத்தனை வாய் மிச்சம் வைத்தாள் எல்லாம் எழுதினேன். சாப்பிடும்போது எதிரே பேனாவோடு உட்கார்ந்தேன். "இன்னிக்கு ரெண்டுதானா? நேத்து மூணு சாப்பிட்டயே" என்றேன். வலிப்பு வந்த நாளில், அவள் எழுந்து உட்கார்வதற்குள், "காலையில சரியாச் சாப்பிடலை பாரு, அதுதான்" என்றேன். ஒருநாள் அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "பெரியம்மா, நீங்க என் மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு? வட்டலத்தான் பாக்கறீங்க. வலிப்பு வந்தா அதுக்கும் நான்தான் காரணமா?" அன்று சாயங்காலமே வலிப்பு வந்தது. அன்று அவள் மூன்று வேளையும் சாப்பிட்டிருந்தாள்.

அப்போது எனக்கு உறைத்தது. நடிக்கிறாய் என்று அவள் அப்பா சொன்னதற்கும், சாப்பிடாததால் வந்தது என்று நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் அவள் மேல்தான் பழி போடுகின்றன. பத்தியம் சொன்ன சொந்தக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு, நான் இன்னொரு பத்தியத்தைக் கையில் வைத்திருந்தேன்.

நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் எழுது, வேண்டாமென்றால் விடு என்றேன். சாப்பிடும்போது வலிப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்தோம். நானும் அவளுடனே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக அடுப்படியில் நின்றுகொண்டே தின்று பழகியவள் நான். 60 வயதுக்கு மேல்தான் வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு எவ்வளவு நல்லது செய்ததோ தெரியாது, எனக்கு நல்லது செய்தது.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலில் மாறியது வலிப்பு இல்லை, முகம். ஆறேழு வாரத்தில் தானாகக் குளித்துத் தலை சீவ ஆரம்பித்தாள். தோட்டத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு சிரிக்கும் சத்தம் கேட்டது. படபடப்பு வரும்போது அதைப் பசியா பதற்றமா என்று அவளே பார்த்துப் பிரித்துச் சொன்னாள். தரையில் காலை ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்வது போன்ற பயிற்சிகளை ஆலோசகர் கற்றுத்தந்திருந்தார், அதைச் செய்தாள். வலிப்பு வாரத்துக்கு மூன்று நான்கு என்றிருந்தது, மாதத்துக்கு இரண்டு மூன்று என்று வந்தது. முழுக்க நிற்கவில்லை. போன வாரம்கூட ஒன்று வந்தது. இப்போது வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறாள்.

இதில் எவ்வளவு சாப்பாட்டால், எவ்வளவு ஆலோசனையால், எவ்வளவு ரத்தம் ஏறியதால், எவ்வளவு அப்பா திட்டுவதை நிறுத்தியதால்? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகள் சொல்வதை மட்டும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற பேராசிரியர் குழு மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டது. ஒரு பாதிக்கு 12 வாரம் காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம், கொட்டை வகை, மீன் என்று சாப்பிட வழிகாட்டினார்கள். மறுபாதிக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை மட்டும். முதல் குழுவில் சுமார் 32 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நீங்கியது, இரண்டாவதில் 8 விழுக்காட்டினருக்கு. சிறிய ஆய்வுதான். தாங்கள் எந்தக் குழு என்று கலந்துகொண்டவர்களுக்கே தெரியும், அது ஒரு குறை. அவர்கள் வலிப்பு உள்ளவர்களும் அல்லர். ஆனால் மனச்சோர்வுக்கும் தட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அது ஒரு நல்ல சான்று.

செயல்சார் வலிப்புக்கு என்றே பிரிட்டனில் 368 பேரிடம் பேச்சுவழிச் சிகிச்சையைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, மாதத்துக்கு எத்தனை வலிப்பு என்ற கணக்கில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களை வலிப்பு தொந்தரவு செய்யும் அளவு குறைந்திருந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அம்முணியின் சிரிப்புச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. எத்தனை முறை விழுந்தாள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எழுந்த பிறகு எப்படி வாழ்கிறாள் என்பது கண்ணில் படாது.

ஆகவே என் கணக்கு இதுதான். சாப்பாடு இந்த வலிப்புக்கு மருந்து இல்லை. ஆனால் சாப்பாட்டைப் பிடுங்குவது நிச்சயமாகக் கெடுதல். வேளைக்குச் சோறு மனதுக்குக் கீழே ஒரு தரை போடுகிறது. அதன் மேல் நின்றுதான் மற்ற சிகிச்சை எல்லாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் மூன்று நாளாகத் தயங்கினேன்.

1988 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். நாலு மைல் தூரம் நடந்து வருவாள். காலைப் பிரார்த்தனையில் அடிக்கடி விழுவாள், கை கால் இழுக்கும். சாவிக்கொத்தைக் கையில் திணித்துத் தண்ணீர் தெளிப்போம். ஒருமுறை அரையாண்டுப் பரீட்சை அன்று விழுந்தாள். எழுந்ததும் வகுப்பு முழுக்க இருக்க நான் கேட்டேன்: "பரீட்சைன்னா மட்டும் வலிப்பு வருதா?" பிள்ளைகள் சிரித்தார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

அவளுக்கு வந்தது வெறும் பசி மயக்கமா, வலிப்பு நோயா, அம்முணிக்கு வந்த மாதிரியா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் கேட்டது தவறு. 1982-இலிருந்து சத்துணவு இருந்தது, மதியம் சோறு கிடைத்தது. காலை வயிறு காலிதான். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபோது டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் முகம்தான் வந்தது. அந்தத் திட்டமும் அப்போது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்புக்காரியைக் கேட்க இன்றும் டீச்சர்தான் இருக்கிறாள். என்னிடம் படித்து ஆசிரியர் ஆனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிரார்த்தனையில் ஒரு பிள்ளை விழுந்தால் முதல் கேள்வி என்ன என்று இனி உங்களுக்குத் தெரியும்.

சில வேண்டுகோள்கள்.

யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள். முதல் முறை என்றாலோ, ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். செயல்சார் வலிப்பு என்று ஏற்கெனவே தெரிந்தவர் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். நடிப்பா நிஜமா என்று அங்கே விசாரணை வேண்டாம்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உங்கள் வீட்டில் இருந்தால், வீடியோ இ.இ.ஜி. தேவையா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். மனநல ஆலோசனைக்குத் தயங்குகிறவர்கள் 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

சொந்தக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த மாதம் நம் வீட்டில் சீர் இருக்கிறது. அம்முணி வருவாள். பந்தியில் அவள் இலையில் எல்லாமே வைக்கச் சொல்லியிருக்கிறேன், கத்தரிக்காய் உட்பட. வேண்டியதை அவள் சாப்பிடுவாள், வேண்டாததை ஒதுக்குவாள். உங்களுக்கு அவள் மேல் பாசம் இருந்தால், பக்கத்து இலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே நீங்களும் சாப்பிடுங்கள்.

1988-இல் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர்கள் யாருக்காவது அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால், இங்கே பெயர் போடாமல் எனக்கு மட்டும் எழுதுங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். விருப்பம் இல்லை என்றால், டீச்சர் மன்னிப்புக் கேட்டார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்